வெளிவருமுன் களவுபோன நாடா

படைப்பொன்று வெளிவந்த பின்னர் அதைக் களவாகப் படியெடுப்பது பழைய தொழில். வெளிவருவதற்கு முன்னரே அது ஆக்கியோனின் கையைவிட்டுப் போவது இன்னும் விசித்திரமானது. அந்த இரண்டாவது வகைக் களவைப் பற்றியே இன்று பேச எண்ணியுள்ளேன், நேயர்களே.

இந்த அச்சம் எவ்வளவு பழையது என்பதற்கு நாடக மேடையிலிருந்து ஒரு சான்று. கில்பேட், சலிவன் என்ற இரட்டையரின் 'எச்.எம்.எஸ். பினஃபோர்' என்னும் இசை நாடகம் 1878 மே மாதத்தில் லண்டனில் அரங்கேறியது. அவ்வாண்டு முடிவதற்குள் அமெரிக்க மேடைகளில் அது அனுமதியின்றி ஆடப்பட்டது. பிறநாட்டு ஆசிரியரின் பதிப்புரிமையை அந்நாளைய அமெரிக்கச் சட்டம் மதிப்பதில்லை. எனவே அடுத்த நாடகத்தை இரட்டையர் நேரே நியூ யோர்க்கிலேயே 1879 டிசம்பர் 31இல் அரங்கேற்றினர். அதற்கு முந்திய நாள், பிரித்தானிய உரிமையைக் காப்பதற்காக மட்டும், இங்கிலாந்தின் பெய்ன்ரன் என்ற சிற்றூரில் நடிகர்கள் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டே அதை ஒருமுறை ஆடிமுடித்தார்கள். அந்த நாடகத்தின் பெயர் 'பென்சான்ஸ் கடற்கொள்ளையர்'. பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

இனி நமது காலத்துக்கு வருவோம். 1975 ஜனவரியில் அமெரிக்க மின்னியல் சஞ்சிகையொன்றின் அட்டையில் 'அல்டெயர் 8800' என்னும் சிறு கணினியின் படம் வெளியாயிற்று. நியூ மெக்சிக்கோ மாநிலத்து அல்புகேர்க்கி நகரில், எம்.ஐ.ரி.எஸ். என்ற சிறு நிறுவனம் தயாரித்த பெட்டி அது. பாகங்களாக வாங்கி வீட்டில் பொருத்திக்கொள்ளவேண்டும். விலை நானூறு டொலருக்குச் சற்றுக் குறைவு. விசைப்பலகையும் இல்லை, திரையும் இல்லை. முன்பக்கத்து ஆளிகளை மேலும் கீழும் தட்டித் தட்டியே அதனோடு பேசவேண்டியிருந்தது.

அதற்கு ஒரு மொழியைத் தர முன்வந்தவர்கள் பில் கேற்ஸ், போல் அலன் என்ற இரு இளைஞர்கள். அந்தக் கணினியை அவர்கள் கண்ணாலும் கண்டதில்லை. ஹார்வட் பல்கலைக்கழகத்துப் பெரிய கணினியில், அல்டெயரைப் போல நடிக்கும் ஒரு நிரலை அலன் எழுதினார். அதன்மேல் பேசிக் மொழிக்கான நிரலைக் கேற்ஸ் கட்டினார். கணிதப் பகுதிக்கு இன்னொரு மாணவர் கைகொடுத்தார். நாடாவை எடுத்துக்கொண்டு அல்புகேர்க்கிக்குப் பறந்த அலனுக்கு, அதைக் கணினிக்குள் ஏற்றும் சிறு நிரல் எழுதப்படவில்லை என்பது விமானத்திலேதான் நினைவுக்கு வந்தது. தரையிறங்குமுன் எழுதி முடித்தார். இரண்டும் இரண்டும் எத்தனை என்று கேட்டபோது கணினி நான்கு என்றது.

வாடிக்கையாளர் பலர் முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருந்தனர். பேசிக்கோ வெளிவரவில்லை. இந்நிலையில் 1975 ஜூனில் எம்.ஐ.ரி.எஸ். நிறுவனத்தின் காட்சி வாகனம் கலிபோர்னியாவின் பாலோ அல்டோ நகருக்கு வந்தது. அங்கே ஒரு ஹோட்டல் மண்டபத்தில், வெளியிடப்படாத பேசிக்கை ஓட்டிக் காட்டினார்கள். பார்க்க வந்தவர்களில் 'ஹோம்புரூ' கணினிக் கழகத்தவர் பலர். அவ்வாண்டு மார்ச்சில் ஒரு கார்க் கொட்டிலில் கூடித் தொடங்கிய கழகம் அது. காட்சி முடிவதற்குள், துளையிட்ட கடதாசி நாடாவொன்று யாரோ ஒருவரின் சட்டைப் பைக்குள் போய்விட்டது.

அந்த நாடா கழக உறுப்பினர் ஒருவரிடம் வந்துசேர்ந்தது. அவர் வேலைசெய்த இடத்தில் வேகமாகத் துளையிடும் பொறி இருந்தது. அடுத்த கூட்டத்துக்கு அவர் ஒரு பெட்டி நிறையப் பிரதிகளோடு வந்தார். விலை இல்லை; ஒரே நிபந்தனை: ஒன்றை எடுப்பவர் இரண்டு பிரதி செய்து திருப்பித் தரவேண்டும். வட்டிக்காரனும் கேட்கத் தயங்கும் வட்டி இது! இன்று இணையத்தில் ஒரு படம் பரவும் கணக்கும் இதுவேதான். கடதாசியும் துளையும் மட்டுமே இப்போது இல்லை.

1976 பெப்ரவரி 3ஆந் திகதியிட்டுக் கேற்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு வயது 20. பேசிக்கைப் பயன்படுத்துவோரில் பெரும்பாலோர் அதைக் காசு கொடுத்து வாங்கவில்லை, அல்டெயர் வைத்திருப்போரில் பத்தில் ஒருவர்கூட வாங்கவில்லை, செலவிட்ட கணினி நேரத்தின் பெறுமதியே 40,000 டொலருக்கு மேல், கிடைத்த உரிமைப்பணத்தைக் கணக்கிட்டால் தங்களுக்கு மணிக்கு இரண்டு டொலர்கூடத் தேறவில்லை என்றெல்லாம் அதில் முறையிட்டார். ஊதியமின்றித் தொழில்முறை வேலையை யார் செய்வார் என்பது அவரது கேள்வி.

எழுதிப் பிழைப்பவன் எவனுக்கும் அந்தக் கேள்வி சுடும். ஆயினும் எதிர்த்தரப்புக்கும் நியாயம் இருந்தது. பேசிக் என்னும் மொழியே 1964இல் டார்ட்மத் கல்லூரியின் கெமெனி, கேர்ட்ஸ் என்ற இரு பேராசிரியர்கள் மாணவருக்காக ஆக்கியது. அதை அவர்கள் பூட்டிவைக்கவில்லை. ஹார்வட் கணினியோ அரசாங்கப் பணத்தில் ஓடியது. பொதுச் சொத்தில் விளைந்ததற்கு வேலி போடுகிறாரே என்று சிலர் கேட்டதில் வியப்பில்லை. என் மனம் கேற்ஸின் பக்கமே சாய்கிறது. ஆனால் முழுதாகச் சாயவில்லை.

கழகத்தாரின் மறுமொழி வசையோடு நின்றுவிடவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 'டைனி பேசிக்' என்ற சிறு மொழியைத் தாமே எழுதி, மூலநிரலை அச்சிட்டு வழங்கினார்கள். அதற்கெனவே 1976இல் ஒரு சஞ்சிகையும் தோன்றியது. அந்த நிரல்களுள் ஒன்றின் தலைப்பில், உரிமைகள் அனைத்தும் காக்கப்பட்டவை என்ற வழக்கமான வாசகத்தைத் திருப்பி, தவறுகள் அனைத்தும் காக்கப்பட்டவை என்று வேடிக்கையாக எழுதியிருந்தார் ஆசிரியர். கணினி நிரலையும் பதிப்புரிமை காக்கும் என்று அமெரிக்கச் சட்டம் வெளிப்படையாகச் சொன்னது 1980இலேதான்.

களவினால் பேசிக் அழிந்ததா என்றால், இல்லை. எங்கும் பரவிய மொழியையே பிற கணினித் தயாரிப்பாளரும் விலைகொடுத்து வாங்கினர். 2025 ஏப்ரலில், மைக்ரோசொப்ட் பிறந்த ஐம்பதாவது ஆண்டில், அதே பேசிக்கின் மூலநிரலைக் கேற்ஸ் தாமே எவரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டார்.

அதன் பின்வந்த கதைகளில் பெரும்பாலும் கள்வன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். 2003இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர், இணையத்தில் உலவிய 285 படங்களைச் சோதித்தனர். அவற்றில் 77 வீதம் திரைத்துறைக்கு உள்ளிருந்தே கசிந்தவை எனத் தெரிந்தது. தொகுப்பறை, ஒலிச்சேர்க்கை, விளம்பரப் பகுதி, விருதுக்குழுவினருக்கு அனுப்பும் பிரதி என்று ஒரு படம் கடக்கும் வாசல்கள் பல. ஒஸ்கார் வாக்காளரான நடிகர் ஒருவர் தமக்கு வந்த பிரதிகளை நண்பரிடம் கொடுத்து, பிரதியில் மறைந்திருந்த அடையாளத்தால் அகப்பட்டு, 2004இல் அக்கடமியிலிருந்து விலக்கப்பட்டார்.

வெளியிலிருந்து வந்தவர்களும் உண்டு. 'ஹாஃப் லைஃப் 2' என்ற கணினி விளையாட்டின் மூலநிரல் 2003இல் களவுபோனது. செப்டம்பர் 30இல் வரும் என்று அறிவிக்கப்பட்டிருந்த விளையாட்டு அரைகுறையாகவே கிடந்தது என்பதை அந்தக் களவுதான் காட்டிக்கொடுத்தது. அது கடைக்கு வந்தது 2004 நவம்பரிலே. களவெடுத்த ஜேர்மன் இளைஞர் நிறுவனத்தின் தலைவருக்குத் தாமே கடிதம் எழுதி, தமக்கு வேலையும் கேட்டார்! நேர்முகப் பரீட்சை என்று அமெரிக்காவுக்கு அழைத்துக் கைதுசெய்யத் திட்டம் போட்டார்கள். அதற்குள் ஜேர்மன் பொலிசார் முந்திக்கொண்டனர்.

2009இல் 'வொல்வரின்' திரைப்படம், வெளியீட்டுக்கு ஒரு மாதம் முன்னரே இணையத்துக்கு வந்துவிட்டது. நடிகரைத் தூக்கும் கம்பிகள் தெரிய, கணினிக் காட்சிகள் பாதியில் நிற்க, வேலை முடியாத பிரதி அது. ஆயினும் படம் முதல் வார இறுதியிலேயே அமெரிக்காவில் 85 மில்லியன் டொலர் ஈட்டியது. அதை இணையத்தில் ஏற்றிய நியூ யோர்க் வாசியொருவர் ஓராண்டுச் சிறை பெற்றார். அந்தக் களவுப் பிரதியைப் பார்த்து விமர்சனம் எழுதிய பத்தி எழுத்தாளர் ஒருவருக்கு, படத்தயாரிப்பாளரின் குழுமத்தைச் சேர்ந்த செய்தி நிறுவனத்திலிருந்த தொழிலும் போயிற்று. விமர்சனத்தில் அவர் படத்தைப் பாராட்டியே எழுதியிருந்தார்.