மைதானத்தில் பெண்களின் கோல்ஃப்

பிரிட்டனுக்கு வெளியே மிகப் பழமையான கோல்ஃப் கிளப்பான ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப் 1829இல் தொடங்கியது. தொடக்கத்தில் அது ஆண்களின் உலகம். பெண்களுக்கென 1891இல் கல்கத்தா லேடீஸ் கோல்ஃப் கிளப் உருவானது. பிரிட்டனின் பெண்கள் கோல்ஃப் சங்கமே 1893இல்தான் பிறந்தது என்பதால், இது முந்திக்கொண்ட கிளப். வில்லியம் கோட்டையைச் சுற்றியுள்ள, ராணுவத்தின் பொறுப்பிலுள்ள மைதானத்தில்தான் ஆட்டம். நடைப்பயிற்சிக்கும் கால்பந்துக்கும் மேய்ச்சலுக்கும் பொதுவான அந்த வெளியில், பந்துக்கு வழிவிடச் சொல்வதே ஒரு தனித் திறமையாக இருந்திருக்கும். தொடக்கத்தில் ஆடியவர்கள் ஐரோப்பியப் பெண்கள். விடுதலைக்குப் பின் இந்தியப் பெண்கள் அந்த இடத்தைப் பிடித்தனர். அமெரிக்காவின் எல்பிஜிஏ என்ற பெண்கள் தொழில்முறை கோல்ஃப் தொடரில் ஆடிய முதல் இந்தியப் பெண்ணான ஸ்மிருதி மெஹ்ராவும் கொல்கத்தாக்காரர்தான்.