கடல் விலகிய கரையில் ஒரு நாள்



அண்மையில் தொடக்கநிலை நான்கு வகுப்பில், "சிங்கப்பூருக்கு வந்த தமிழர் முதலில் எங்கே கால் பதித்தனர்?" என வினவினேன். "தேக்கா!" என்று வகுப்பே ஒரே குரலில் விடையளித்தது. பிள்ளைகள்மீது பிழையில்லை. தீபாவளி ஒளியூட்டைக் காண நாம் அவர்களை அழைத்துச் செல்லும் இடம் அது ஒன்றுதானே!

அவ்விடை மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. ஞாயிறன்று நானும் என் கணவரும் பூன் லேயில் பெருவிரைவு ரயிலேறித் தஞ்சோங் பகாரில் இறங்கினோம். அவசரம் ஏதுமின்றி நடந்து தெலுக் ஆயர் ஸ்திரீட்டை அடைந்தோம்.

மலாய் மொழியில் 'தெலுக் ஆயர்' என்றால் நீர்க்குடா. இன்று அங்கே கடல் தென்படாது; வானளாவிய கட்டடங்களே தென்படும். ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இத்தெருவே கடற்கரை! பாய்மரக் கப்பல்களில் வந்தோர் இங்குதான் கரையேறினர். 1880களில் வாலிக் குன்றை வெட்டிய மண்ணைக் கொட்டிக் கடலைத் தூர்த்தனர்.

முதலில் அல்-அப்ரார் பள்ளிவாசலைக் கண்டோம். 1827இல் தமிழ் முஸ்லிம்கள் அமைத்த ஓலைக் குடிசையே அதன் தொடக்கம். ஆகவே அது 'குச்சுப் பள்ளி' எனப் பெயர் பெற்றது. செங்கற் கட்டடம் 1850களில் நிறைவுற்றது. சற்றுத் தள்ளி, 1839க்கும் 1842க்கும் இடையில் எழுந்த தியான் ஹோக் கெங் சீனக் கோயில். அதனையும் கடந்தால் நாகூர் தர்கா. 1828இல் தொடங்கி 1830இல் கட்டி முடிக்கப்பட்டது. நாகூர் ஆண்டவர் அடக்கமாகியிருப்பது தமிழகத்து நாகூரில்; இஃது அவர் நினைவாக எழுப்பப்பட்டது. சீனர் கடல் தெய்வமாகிய மாசூவுக்கும், தமிழர் நாகூர் ஆண்டவருக்கும், உயிரோடு கரை சேர்ந்தமைக்காக ஒரே தெருவில் நன்றி செலுத்தியுள்ளனர்!

என் கணவர் தர்காவின் எதிரே நெடுநேரம் நின்றார். அவருடைய பாட்டனார் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி வந்தவர். "தாத்தா இருந்தபோது அந்தப் பயணத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட நான் கேட்டதில்லை" என்றார். எனக்கு மறுமொழி கூறத் தெரியவில்லை.

லாவ் பா சாட்டில் உணவருந்திவிட்டு, மாலையில் சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயிலுக்குச் சென்றோம். 1819இல் ராஃபிள்சுடன் பினாங்கிலிருந்து வந்து, இங்கே செங்கற் சூளை நடத்திய நாராயண பிள்ளை 1827இல் நிறுவிய கோயில் அது. ஆங்கிலேயர் அவருக்கு முதலில் அளிக்க முன்வந்த நிலம் தெலுக் ஆயர் ஸ்திரீட்டில்தான் இருந்தது. வழிபாட்டிற்குரிய நன்னீர் அங்கே கிடைக்காமையால் அவ்விடம் கைவிடப்பட்டது. இன்று சைனாடவுன் நடுவே விளங்கும் டெம்பிள் ஸ்திரீட், பகோடா ஸ்திரீட் ஆகிய பெயர்கள் இக்கோயிலாலும் கோபுரத்தாலும் வந்தவை. அருகிலுள்ள மாஸ்க் ஸ்திரீட்டின் பெயரோ சூலியா முஸ்லிம்களின் ஜாமியா பள்ளிவாசலால் வந்தது.

நாம் பார்த்த நான்கும் 1973, 1974ஆம் ஆண்டுகளில் தேசிய நினைவுச் சின்னங்களாயின. அக்கட்டடங்களை அரசு காக்கும். அவற்றுக்கு முன்னே நின்று, "உன் கொள்ளுத்தாத்தா இப்படித்தான் கடல் கடந்து வந்தார்" என்று கூறும் பொறுப்பு நம்முடையது.

பெற்றோர்களே, ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். இல்லத்தில் தாத்தா பாட்டி இருந்தால் அவர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். கேள்விகளைப் பிள்ளைகளே கேட்கட்டும்.

ஆசிரியர்களே, அடுத்த வாரம் அதே வினாவை என் வகுப்பில் மீண்டும் எழுப்பவிருக்கிறேன். தங்கள் வகுப்பிலும் கேட்டுப் பாருங்கள்.

மீண்டும் சந்திப்போம்.