நூறிலிருந்து ஏழு: பாம்பன் மீன்கார ஆத்தாவும் புதுச்சேரி சோழிக் கணக்கும்

கொஞ்சம் நீளமான இழை. வீட்டில் வயசான அம்மா, அப்பா இருக்கிறவங்க கடைசி வரைக்கும் படிங்க.

சில மாசங்களுக்கு முன்னாடி ஓபியில் ஒரு ஆத்தா. எழுபதை ஒட்டிய வயசு. பாம்பன் பக்கம் நாற்பது வருஷம் மீன் வித்தவங்க. கூட வந்த மகன், "அம்மாவுக்கு மறதி ஜாஸ்தியாயிருச்சு சார்" என்றார். (ஆள் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

மறதி நோய் சந்தேகம் வந்தால் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "நூறிலிருந்து ஏழு ஏழா கழிச்சுக்கிட்டே வாங்க" என்பது. 93, 86, 79, 72, 65 என்று வரணும். ஆத்தா 93 சொன்னாங்க. அடுத்து 90 என்றாங்க. அப்புறம் என் முகத்தையே பார்த்தாங்க. ஐந்துக்கு ஒன்று என்று சீட்டில் எழுதிவிட்டேன்.

ஏதோ உறுத்தியது. கேள்வியை மாற்றிக் கேட்டேன். "ஆத்தா, மீன் ஒரு கூறு எம்பது ரூபா. ஏழு கூறு வாங்கிட்டு ஆயிரம் ரூபா தர்றேன். மீதி எவ்வளவு தருவீங்க?"

ஆத்தா தரையைப் பார்த்தாங்க. அங்கே சிமெண்ட் தரையைத் தவிர ஒன்றும் இல்லை. ஆனால் கண் இடமிருந்து வலமாக மெதுவாக நகர்ந்தது. "அஞ்சு கூறு நானூறு... ரெண்டு கூறு நூத்தறுவது... இந்தா தம்பி, நானூத்தி நாப்பது."

சரியான விடை. கால்குலேட்டரை எடுத்தது நான்தான்!

சரி, அந்தக் கண் எதைப் பார்த்தது?

ஒரு கணக்கை மனசில் போடும்போது, பாதி விடையை எங்கேயாவது பிடித்து வைத்துக்கொண்டுதான் அடுத்த படிக்குப் போகணும். அந்த இடத்துக்குப் பெயர் ஒர்க்கிங் மெமரி. தமிழில் செயல்நினைவு என்று வைத்துக்கொள்வோம். ரொம்பச் சின்ன பலகை அது. ஜார்ஜ் மில்லர் 1956-ல் ஏழு விஷயம், ஒன்றிரண்டு கூடக் குறைய நிற்கும் என்றார். நெல்சன் கோவன் 2001-ல் அதை நாலு என்று குறைத்தார்.

1974-ல் ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்சும் இன்னொரு விஷயம் சொன்னார்கள். இந்தப் பலகை ஒன்றல்ல. காதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்துக்கொள்ள ஒரு பகுதி, படமாக வைத்துக்கொள்ள ஒரு பகுதி, இரண்டையும் மேய்க்க ஒரு மேஸ்திரி.

படப் பகுதிக்கும் கண் அசைவுக்கும் நெருங்கிய உறவு உண்டு. பேட்லி அமெரிக்காவில் கார் ஓட்டிக்கொண்டே ரேடியோவில் ஃபுட்பால் வர்ணனை கேட்டாராம். ஆட்டத்தை மனசில் ஓடவிட்டதும் கார் ரோட்டில் அலைய ஆரம்பித்துவிட்டது. சட்டென்று பாட்டுக்கு மாற்றிக்கொண்டார். வண்டி ஓட்டும்போது போனில் வழி கேட்டுக்கொண்டு போகிறவங்க இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

1989-ல் பட்ரிசியா கோல்ட்மன் ராகிச் குழு, ஒரு விளக்கு எங்கே மின்னியது என்று நினைவில் வைத்துக்கொள்ளக் குரங்குகளைப் பழக்கினார்கள். விளக்கு அணைந்த பிறகும், கண்ணைத் திருப்ப அனுமதி வரும் வரைக்கும், மூளையின் முன்பகுதியில் சில செல்கள் விடாமல் இயங்கிக்கொண்டே இருந்தன. இல்லாத விளக்கின் இடத்தை மூளை பிடித்து வைத்திருந்தது.

ஆத்தாவும் இல்லாத கூறுகளை என் ஓபி தரையில் பரப்பி வைத்துத்தான் கணக்குப் போட்டிருக்கணும் என்று நினைக்கிறேன்.

இப்போ வரலாற்றுக்கு வருவோம். இதே மாதிரி தரையைப் பார்த்துப் போட்ட ஒரு கணக்கு ஐரோப்பாவையே வியக்க வைத்திருக்கிறது. நடந்த இடம் நம்ம புதுச்சேரி.

பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டில், வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க 1760-ல் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். 1761-ல் கடந்த அன்று அவர் நடுக்கடலில் இருந்தார். எட்டு வருஷம் காத்திருந்து 1769 ஜூனில் புதுச்சேரியில் தயாராக நின்றால், சரியாக அந்த நேரத்தில் மேகம் மறைத்துவிட்டது. பாவம் மனுஷன்.

ஆனால் அங்கே அவர் வேறொன்றைப் பார்த்தார். 1765 ஆகஸ்ட் 30-ல் நடந்த சந்திர கிரகணத்தைக் கணக்கிடச் சொன்னதும், ஒரு தமிழர் தரையில் சோழிகளை நகர்த்தி நகர்த்தி முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார். பேனா இல்லை, காகிதம் இல்லை. கிரகணம் நீடித்த நேரத்தில் பிழை 41 நொடி. அன்றைக்கு ஐரோப்பாவில் சிறந்ததாகக் கருதப்பட்ட டோபியாஸ் மேயர் அட்டவணையின் பிழை 68 நொடி!

ஐம்பது வருஷத்துக்கு அப்புறம், முன்பு சென்னை வானாய்வகத்தைக் கவனித்துவந்த ஜான் வாரனும் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரரைச் சந்தித்தார். அவர் பெயரைச் சாமி நாதன் சாஷியா என்று எழுதி வைத்திருக்கிறார். அவரும் சோழிதான். 1825 மே 31 இரவு வந்த கிரகணத்தை அவர் கணக்கிட்டதில் தொடக்கம் 4 நிமிஷம் பிசகியது, நடு 23 நிமிஷம், முடிவு 52 நிமிஷம். எப்பவும் அதிசயம் நடக்கவில்லை என்பதையும் சொல்லிவிடணும். ஆனாலும் கையில் ஒரு புத்தகம் இல்லாமல் போட்ட கணக்கு அது.

எப்படி முடிந்தது? அபூர்வ மூளையா? இல்லைங்க. வேலையைப் பிரித்துக் கொடுத்ததில்தான் கெட்டிக்காரத்தனம்.

நிலா பூமிக்குப் பக்கத்தில் வந்து, விலகி, மறுபடி பக்கத்தில் வர சுமார் 27.55 நாள். ஒன்பது சுற்றுக்குக் கிட்டத்தட்ட 248 நாள். அந்த 248 நாளுக்கும் நிலா எங்கே இருக்கும் என்பதை 248 வாக்கியங்களாகச் செய்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண். வாக்கியத்தை மனப்பாடமாகச் சொன்னால் எண் வந்துவிடும். இன்றைக்கும் நாம் வாங்கும் வாக்கியப் பஞ்சாங்கத்தின் பெயர் இதிலிருந்து வந்ததுதான்.

ஆக, பெரிய அட்டவணை நீண்டகால நினைவில். பாதி விடைகள் தரையில், சோழியாக. மூளையின் அந்தச் சின்னப் பலகையில் நின்றது ஒன்றிரண்டு எண் மட்டும். எது எங்கே இருக்கிறது என்று கண் பார்த்துக்கொண்டது.

மறுபடி ஆத்தாவிடம் வருவோம். ஏழு ஏழாகக் கழிப்பது பள்ளிக்கூடத்துக் கணக்கு. பிரேசிலின் ரெசிஃபி நகரில் தெருவில் வியாபாரம் செய்த சிறுவர்களை 1985-ல் ஆராய்ந்தார்கள். வியாபாரத்தில் 98 சதவீதம் சரி. அதே கணக்கை வெறும் எண்ணாகத் தாளில் கொடுத்தபோது 37 சதவீதம்தான். ஹரியானாவின் பல்லப்கரில் 1990-களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக இந்த மறதிப் பரிசோதனையை மாற்றி அமைத்தபோது, ஏழு கழிப்பதை எடுத்துவிட்டு, வாரத்தின் நாட்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார்கள். இதெல்லாம் படித்திருந்தும் நான் முதலில் பழைய கேள்வியைத்தான் கேட்டேன். தப்பு என்னோடது.

ஆத்தாவுக்கு ரத்தம் பார்த்தோம். தைராய்டு குறைவு. மாத்திரை ஆரம்பித்திருக்கோம், தொடர்ந்து பார்த்துக்கொண்டு வருகிறோம். அன்றைக்கு அந்த ஒரு மார்க்கோடு நிறுத்தியிருந்தால் வீட்டில் அவங்க கையிலிருந்து சுருக்குப்பையைப் பிடுங்கியிருப்பார்கள்.

நீங்க கவனிக்க வேண்டியது இதுதான்:

சாவியை எங்கே வச்சோம் என்று மறப்பது எல்லாருக்கும் வரும். பழகின தெருவில் வழி தவறுவது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, வழக்கமாகச் செய்த சமையலோ காசுக் கணக்கோ கை நழுவுவது, இவை இருந்தால் தள்ளிப்போடாமல் கூட்டிட்டு வாங்க. தைராய்டு, பி12 குறைவு, காது மந்தம், மனச்சோர்வு என்று சரிசெய்யக்கூடிய காரணங்கள் நிறைய உண்டு.

டாக்டரிடம் அவங்க என்ன வேலை பார்த்தாங்க, எத்தனாவது படிச்சாங்க என்று நீங்களே முந்திச் சொல்லுங்க.

அப்புறம், பிள்ளை விரல் விட்டு எண்ணினால் தலையில் குட்டாதீங்க. கிரகணத்தைக் கணக்குப் போட்டவருக்கே தரையில் சோழி தேவைப்பட்டது.

அடுத்த தடவை ராமேஸ்வரம் வந்தால், கடையில் சோழி விற்பதைப் பார்ப்பீங்க. ஒரு பிடி வாங்கிட்டுப் போய் பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லுங்க.