சுனாமிக்குப் பிறகு கொழும்பில் எழுதிய மென்பொருள்

டிசம்பர் 26 வந்தால் நாம் கடலைப் பற்றித்தான் கதைப்போம். எத்தனை மையித்து, எத்தனை வீடு, யாரைத் தேடி யார் எந்த முகாமுக்குப் போனார்கள் என்று. அந்தத் தேடலோடு சம்பந்தப்பட்ட ஒரு விடயம் நம்மில் பலருக்குத் தெரியாது. அதைத்தான் இன்று எழுதுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2004இல் இலங்கையில் மட்டும் 30,000க்கும் அதிகமானோர் போனார்கள். மருதமுனை, சாய்ந்தமருது, கிண்ணியா என்று நம் கரையோரம் எங்கும் பாடசாலைகளும் பள்ளிவாசல்களும் முகாம்களாயின. காலையில் ஒரு முகாமில் இருந்த குடும்பம் பின்னேரம் சொந்தக்காரர் வீட்டில் இருக்கும். ஒவ்வொரு முகாமும் தன் பெயர்ப்பட்டியலைத் தன் கொப்பியில் வைத்திருந்தது. ஒரு கொப்பியில் இருப்பது அடுத்த கொப்பிக்குத் தெரியாது. நிவாரணமும் அப்படித்தான். ஒரு இடத்தில் பழைய உடுப்பு மலையாகக் குவிந்து கிடக்கும், இன்னொரு இடத்தில் குடிக்கத் தண்ணீர் இருக்காது. எந்த அமைப்பு எங்கே என்ன செய்கிறது என்று ஒரே இடத்தில் பார்க்க வழியில்லை.

அந்த நாட்களில் கொழும்பில் மென்பொருள் எழுதுபவர்கள் பலர் தங்கள் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு ஒன்றுகூடினார்கள். லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷன் என்ற அமைப்பு அவர்களை ஒருங்கிணைத்தது. அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் வேலை செய்துவிட்டு நாடு திரும்பிய சஞ்சீவ வீரவரண 2003இல் தொடங்கிய அமைப்பு அது. காணாமற்போனோர் பதிவு, முகாம் பதிவு, உதவி அமைப்புகளின் பதிவு, எங்கே என்ன தேவை என்ற பதிவு ஆகியவற்றை எழுதி, அரசாங்கத்தின் தேசிய செயற்பாட்டு மையத்தில் பாவனைக்குக் கொடுத்தார்கள். பெயர் ‘சஹன’. சிங்களத்தில் நிவாரணம் என்று அர்த்தம்.

இதனால் நம் ஊரில் தொலைந்தவர்கள் எல்லோரும் கிடைத்தார்கள் என்று சொல்ல வரவில்லை. கரண்டும் போனும் அறுந்து கிடந்த கரையில் தேடல் பெரும்பாலும் காலாலும் வாயாலும்தான் நடந்தது.

ஆனால் இவ்வளவையும் எப்படிச் சில வாரங்களுக்குள் எழுத முடிந்தது? அவர்கள் வெறுங்கையில் தொடங்கவில்லை. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ், கிரீன்லாந்தில் பிறந்த ரஸ்மஸ் லேர்டோர்ஃப் 1995இல் வெளியிட்ட பி.எச்.பி., சுவீடனில் உருவான மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் எல்லாம் ஏற்கெனவே இருந்தன. யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை, காசு கட்டத் தேவையில்லை, உள்ளே திறந்து திருத்தவும் செய்யலாம். இதுதான் திறந்த மூல மென்பொருள். ஒருவர் எழுதிவைத்த பகுதிகளை அடுத்தவர் எடுத்துப் பாவிப்பதற்கு ‘லைப்ரரி’ என்றே ஒரு வகை உண்டு. இரவல் வாங்கித் திருப்பிக் கொடுக்காமலே விடலாம் என்பதைத் தவிர, பெயர் பொருத்தமானதுதான்.

அவசரத்தில் எழுதிய முதல் சஹன நம் சுனாமிக்கு மட்டுமே பொருந்தியது, வேறு அனர்த்தத்துக்கு அப்படியே எடுக்க முடியாது. ஆகவே 2005இல் சமிந்திர த சில்வாவின் தலைமையில், சுவீடன் அரசின் உதவி நிறுவனம் கொடுத்த பணத்தில், அதை அடியிலிருந்து திரும்ப எழுதினார்கள். அந்த ஒக்டோபர் 8இல் பாகிஸ்தானில் நிலம் நடுங்கியது. அங்கே சஹன பாவிக்கப்பட்டது. 2006இல் பிலிப்பைன்ஸ் லேய்ட்டே தீவின் மண்சரிவு, இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா பூகம்பம், 2010இல் ஹெய்ட்டி. நியூயோர்க் நகரமும் புயல் காலத்தில் மக்களைத் தங்கவைக்கும் இடங்களைக் கணக்கு வைக்க இதை எடுத்தது. பணக்கார நகரம் ஒன்று நம் கண்ணீரில் எழுதியதை இரவல் வாங்கியிருக்கிறது. நமது செய்திகளில் இது எத்தனை தடவை வந்தது?

உலகக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூக நன்மைக்கான விருதை முதலில் விக்கிப்பீடியாவுக்கும், 2006க்கான விருதைச் சஹனவுக்கும் கொடுத்தது. அப்படியொரு விருதை வைக்க வேண்டும் என்ற எண்ணமே சஹனவைப் பார்த்துத்தான் வந்தது என்று அதன் நிறுவுநர் ரிச்சர்ட் ஸ்டால்மன் சொல்லியிருக்கிறார்.

பிறகு சஹன பைதன் மொழியில் ‘ஈடன்’ என்ற பெயரில் மறுபடி எழுதப்பட்டது. பொறுப்பும் 2009இல் அமெரிக்காவில் பதிவான ஓர் அமைப்பிடம் போனது. அதில் நமக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு, மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் நிரல் திறந்தேதான் கிடக்கிறது. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் எடுக்கும் நம் பிள்ளைகள் பைதனும் பி.எச்.பி.யும் மைஎஸ்கியூஎல்லும் படிக்கிறார்கள். பரீட்சைக்குப் பாடமாக்கும் அதே சாமான்கள்தான் இவை. நிரல் எழுதத் தெரியாதவருக்கும் இதில் வேலை உண்டு. திரையில் வரும் சொற்கள் தனிக் கோப்பில் இருப்பதால், மொழி தெரிந்த எவரும் உட்கார்ந்து தமிழாக்கலாம். அதற்கு ஆசிரியர்களை விடத் தோதானவர்கள் யார்?

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். 2020 ஜனவரியில் கொரோனா நம் விமான நிலையத்தை எட்டிய நேரம், ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் டி.எச்.ஐ.எஸ்.2 என்ற திறந்த மூல மென்பொருளை இலங்கைச் சுகாதாரத் துறையினர் எடுத்து, வெளிநாட்டிலிருந்து வருபவர்களைப் பின்தொடரும் விதமாக மாற்றியமைத்தார்கள். அந்த வடிவத்தைப் பல நாடுகள் கேட்டு வாங்கின. அவற்றில் ஒன்று நோர்வே.