ஒரு விண்ணப்பக் கடிதத்துக்கு உரை

எங்கள் தெருவில் தறி ஓட்டும் தம்பியின் மனைவி, உதவி கேட்டு ஓர் அறக்கட்டளைக்கு எழுதிய கடிதம் இது. “அக்கா, பிழை இருந்தா திருத்திக் குடுங்க” என்று கொண்டுவந்தாள். திருத்த அதிகம் இல்லை. ஆனால் படிக்கிறவர்கள் தப்பாகப் புரிந்துகொள்வார்களோ என்ற பயம் எனக்கு. அதனால் அவள் சம்மதத்தோடு வரிவரியாக உரை எழுதுகிறேன்.

“எங்களுக்கு ஒரே மகன். வயது 6. தலசீமியா மேஜர்.”

பையனின் உடம்பில் ஹீமோகுளோபின் தேவையான அளவு ஊறுவதில்லை. 3 வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். அந்த ரத்தத்தோடு வரும் இரும்பு இதயத்திலும் கல்லீரலிலும் தங்கிவிடும். அதை வெளியேற்றத் தினமும் மாத்திரை. இன்னொரு பிள்ளை வேண்டும் என்றதும், ‘ஒன்றுதான் இருக்கிறதே, இன்னொன்று எதற்கு’ என்று சொந்தக்காரர்களே கேட்டிருக்கிறார்கள். மற்ற வீடுகளில் ‘அடுத்தது எப்போது’ என்று கேட்கும் அதே வாய்கள்.

“எங்கள் இருவருக்கும் நோய் இல்லை. இருவரும் கேரியர். நான் அவருக்கு மாமன் மகள்.”

11ஆம் குரோமோசோமில் உள்ள பீட்டா குளோபின் மரபணுவின் இரண்டு படிகளில் ஒன்று மட்டும் பழுதானவர் கேரியர். அவருக்கு வெளியே தெரியும்படி ஒன்றும் இருக்காது. சொந்தத்தில் கட்டும்போது ஒரே பாட்டனிடமிருந்து வந்த பழுது இருபக்கமும் இருக்க வாய்ப்பு கூடும். இருவருமே கேரியர் என்றால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர 4இல் 1 பங்கு வாய்ப்பு. ‘ஒன்று வந்தாயிற்று, இனி மூன்றும் நல்லதாகத்தான் இருக்கும்’ என்று ஆறுதல் சொல்பவர்கள் உண்டு. கணக்கு அப்படி இல்லை; ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து அதே 4இல் 1.

“இரண்டாவது கர்ப்பத்தை 13ஆவது வாரத்தில் கலைத்தோம்.”

கடிதத்தில் அடித்து எழுதிய ஒரே இடம் இது. முதலில் ‘போய்விட்டது’ என்று எழுதியிருக்கிறாள். பிறகு ஒரு கோடு போட்டு, மேலே ‘கலைத்தோம்’. பழைய சொல் கோட்டுக்கு அடியில் இன்னும் தெரிகிறது. 11 வாரத்துக்குப் பிறகு நஞ்சுக்கொடித் திசுவில் துளி எடுத்துச் சோதிப்பார்கள். முடிவு வரும்வரை வயிற்றில் கையை வைக்கப் பயந்து தூங்கியதாக என்னிடம் சொன்னாள். இந்த வரியைப் பிரதி எடுக்கும்போது நான் மாற்றவில்லை. கோடு போட்ட தாளையே அனுப்பச் சொன்னேன். ஏனென்றால் கடிதம் முழுவதும் கேட்பது ஒன்றைத்தான்: இந்தச் சொல்லை இன்னொரு முறை எழுத வேண்டாத ஒரு வழி. குழந்தை இல்லாத குறையைத் தீர்க்கக் கேட்கும் பணமாக இதை யாரும் படித்துவிடக் கூடாது.

“டெஸ்ட் டியூப் முறையில் கரு உண்டாக்கி, சோதித்து வைக்க ரூ.4,60,000 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எங்களிடம் ரூ.1,10,000 இருக்கிறது.”

முட்டையும் விந்தும் வெளியே சேர்ந்து, 5ஆம் நாள் கரு சிறு கோளமாகிறது. பின்னால் நஞ்சுக்கொடியாகப் போகும் மேல் அடுக்கிலிருந்து 5 முதல் 10 செல்களை எடுத்துப் பார்க்கிறார்கள். கருவை உறையவைத்துவிட்டு முடிவுக்குக் காத்திருக்க வேண்டும். இந்தச் சோதனையை ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனியாகத் தயார்செய்கிறார்கள். அதற்கு அப்பா, அம்மா ரத்தத்தோடு மகனின் ரத்தமும் கொஞ்சம் எடுத்தார்கள். எப்போதும் ரத்தம் வாங்கியே பழகிய பையன், “இன்னிக்கு நான் குடுத்தேன்” என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான்.

காப்பீடு கிடைக்காதா என்று கேட்பீர்கள். நம் பாலிசிகளில் பொதுவாக இருக்கும் விலக்குகளில் 17ஆவது, மலட்டுத்தன்மை என்ற தலைப்பின் கீழ் டெஸ்ட் டியூப் சிகிச்சையையும் சேர்த்தே ஒதுக்குகிறது. இவர்கள் மலடர்கள் அல்லர். ஆனாலும் போக வேண்டியது அந்த வாசல் வழியே என்பதால் கதவு சாத்தப்படுகிறது. இங்கிலாந்தில், நோயில்லாத பிள்ளை ஏற்கெனவே இல்லாத தம்பதிக்கு, இன்னும் சில தகுதிகள் பார்த்து, அரசு மருத்துவச் சேவையே இந்தச் செலவை ஏற்கிறது. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டுச் சட்டம் தலசீமியாவை மாற்றுத்திறன் வகைகளில் சேர்த்திருக்கிறது. பிறந்த பிள்ளைக்கு அந்த உரிமை உண்டு. அடுத்த பிள்ளைக்கு நோய் வராமல் பார்க்கவும் கைகொடுக்க வேண்டும் என்பது என் வாதம்.

“ஆணா பெண்ணா என்று கேட்க மாட்டோம்.”

கருச்சோதனை என்றதும் எழும் சந்தேகத்துக்கு இவளாகவே சொல்லும் பதில். 1994ஆம் ஆண்டுச் சட்டம் பாலினம் சொல்வதைத் தடுக்கிறது. அதே சட்டம், ஹீமோகுளோபின் கோளாறுகளைக் கண்டறியச் சோதிக்க அனுமதிக்கிறது.

“கரு தங்காமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.”

பணம் கேட்கும் கடிதத்தில் இதை எழுதலாமா என்று அவள் கணவர் தயங்கினார். எழுதத்தான் வேண்டும் என்றேன். கொடுப்பவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

“மகனுக்கு அடுத்த ரத்தம் 14ஆம் தேதி. அன்று தவிர எந்த நாள் கூப்பிட்டாலும் வருவோம்.”

அவர்கள் வீட்டுச் சுவரில் மாதக் காலண்டர் தொங்குகிறது. அக்டோபர் 14ஐச் சுற்றிச் சிவப்புப் பேனாவில் வட்டம். தாளைத் தூக்கிப் பார்த்தேன். நவம்பர் 4, நவம்பர் 25. அதற்கடுத்த தாளிலும் வட்டங்கள் போட்டிருந்தன.