பெயரை மறைத்தபோது

1976 மே 24. பாரிஸில் ஒரு ஹோட்டல். ஒன்பது பிரெஞ்சு நடுவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாருமே ஒயினில் ஊறியவர்கள். எதிரே இருக்கும் கோப்பைகளில் எது எந்த ஊர்ச் சரக்கு என்று அவர்களுக்குத் தெரியாது.

ஏற்பாடு செய்தவர் ஸ்டீவன் ஸ்பரியர், பாரிஸில் ஒயின் கடை நடத்திய ஆங்கிலேயர். அமெரிக்கச் சுதந்திரத்தின் 200வது ஆண்டு அது. கலிபோர்னியா ஒயினையும் பிரெஞ்சுக்காரர்கள் ருசித்துப் பார்க்கட்டுமே என்பது அவர் எண்ணம். பெயர் தெரிந்தால் பார்த்த உடனே மார்க்கைக் குறைத்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான் லேபிளை மறைத்தார். மற்றபடி பிரான்ஸ்தான் ஜெயிக்கும் என்று அவரே நம்பினார். பத்திரிகையாளர்களில் வந்தவர் ஒரே ஒருவர், ‘டைம்’ இதழின் ஜார்ஜ் டேபர். முடிவு தெரிஞ்ச மேட்சை யார் பார்க்க வருவாங்க?

முதலில் வெள்ளை ஒயின். கலிபோர்னியாவின் ஷாட்டோ மாண்டலீனா முதலிடம். சிவப்புக்குப் போகும் முன்பே இது நடுவர்களுக்குத் தெரிந்துவிட்டது. இனி ஏமாறக்கூடாது என்று உஷாராகத்தான் ருசித்திருப்பார்கள். பத்து சிவப்பு ஒயின்கள்: ஆறு கலிபோர்னியா, நான்கு போர்தோ. அதில் ஒன்று, மூன்று வருடம் முன்புதான் முதல் தரத்துக்கு உயர்த்தப்பட்ட மூட்டோன் ராத்ஷில்ட். மார்க்கைக் கூட்டினால் முதலிடம் நாபா பள்ளத்தாக்கின் ஸ்டாக்ஸ் லீப் 1973. மூட்டோன் இரண்டாவது. நடுவர்களில் ஒருவரான ஒடெட் கான் தான் மார்க் போட்ட தாளைத் திருப்பிக் கேட்டார். ஸ்பரியர் கொடுக்கவில்லை.

ஆனால் அவசரப்பட்டு கைதட்டிவிடக் கூடாது. ஒன்பது பேர் மார்க்கையும் கூட்டினால் முதலிரண்டு ஒயின்களுக்கும் வித்தியாசம் ஒன்றரைதான். மூன்றாவதும் நான்காவதும் பிரான்ஸே. வேறொரு நாள் வைத்திருந்தால் வரிசை மாறியிருக்கலாம். கலிபோர்னியா உசத்தி என்று அன்று நிரூபணமாகவில்லை. இந்த ருசி எங்கள் மண்ணில் மட்டும்தான் வரும் என்ற பேச்சுதான் அன்றோடு முடிந்தது.

கலிபோர்னியா ஒயின் சீக்கிரம் கெட்டுப்போகும், நம்முடையது வயதாக ஆகத்தான் கனியும் என்று அப்புறம் சமாதானம் சொன்னார்கள். 2006இல் அதே சிவப்பு ஒயின்களை மறுபடி கண்கட்டி ருசித்தார்கள். முதல் ஐந்து இடமும் கலிபோர்னியாவுக்கு.

நண்பர்கள் நாலு பேர் கூடி, பாட்டிலைப் பேப்பரில் சுற்றி வைத்து விளையாடுகிற அதே விளையாட்டுதான் இது. அதில் தோற்பதில் வெட்கமே இல்லை. நாக்கு சொன்னதைக் கேட்டபிறகு தாளைத் திருப்பிக் கேட்கிறோமே, அங்கேதான் சிக்கல். நமக்குப் பிடித்தது எது, பிடித்திருக்க வேண்டும் என்று நினைத்தது எது? ஒயினுக்கு மட்டுமான கேள்வி இல்லை இது. அட்டையைக் கிழித்துவிட்டுக் கொடுத்தால், நாம் கொண்டாடும் புத்தகங்களில் எத்தனை தேறும்?