குப்பைக்கோழி

சங்கப் புலவர்களுள் சிலருக்கு இயற்பெயர் மறைந்து, அவர்கள் ஆண்ட உவமையே பெயராய் நின்றுவிட்டது. அவருள் ஒருவர் குப்பைக்கோழியார். குறுந்தொகையின் 305ஆம் பாட்டு இவருடையது. தூண்டிவிடுவாரும் விலக்கிவிடுவாரும் இன்றிக் குப்பைமேட்டில் தாமே பொருது தாமே ஓயும் கோழிகளின் போரைத் தலைவியின் காதல் நோய்க்கு உவமையாக்கினார். இலக்கியம் பயில்வோர் உவமையின் நயத்தைப் பாராட்டிவிட்டு மேலே செல்வர். வரலாறு பயில்வோரோ அவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். கோழியும் குப்பையும் ஏன் ஒரே சொல்லில் இணைந்து நின்றன? குப்பை என்பதற்குப் பழந்தமிழில் குவியல் என்பதே பொருள். இன்று நாம் கருதுவது போல வேண்டாதது என்பது பொருளன்று. வீட்டுச் சாம்பலும், சருகும், சாணமும், கோழியின் எச்சமும் சேர்ந்து கிடந்த அக்குவியல் உழவனுக்குச் செல்வம். ஏர் உழுவதினும் எரு இடுதல் நன்று எனத் திருவள்ளுவர் கூறியதும் அச்செல்வத்தைக் கருதியே யாகும்.

கோழி மனிதனிடம் வந்த கதை சுவையானது. இன்று உலகெங்கும் வளரும் வீட்டுக்கோழிக்கு மூதாதை செந்நிறக் காட்டுக்கோழியே என்று 1868இல் வெளியிட்ட நூலில் சார்லசு டார்வின் வாதிட்டார். பிற்கால ஆய்வுகள் அவர் கூற்றைப் பெரும்பாலும் மெய்ப்பித்தன. எனினும் ஒரு சிறு திருத்தமும் தந்தன. வீட்டுக்கோழிகள் பலவற்றின் தோலும் காலும் மஞ்சள் நிறமாய் இருப்பதற்குக் காரணமான மரபுக்கூறு செந்நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்ததன்று. தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என 2008இல் அறிஞர் கண்டனர். நம் மலைக்காடுகளின் பறவைக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு என்பது நமக்கு மகிழ்ச்சி தருவதன்றோ?

கோழி எப்பொழுது வீடு புகுந்தது? பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே என்று ஒரு காலத்தில் எழுதிவந்தனர். 2022இல் வெளிவந்த ஆய்வு அக்கணக்கை வெகுவாகக் குறைத்துவிட்டது. ஐயத்திற்கு இடமின்றி வீட்டுக்கோழி எனக் கொள்ளத்தக்க மிகப் பழைய எலும்புகள் தாய்லாந்து நாட்டில் பான் நோன் வாட் என்னும் இடத்தில் கிடைத்துள்ளன. அவற்றின் காலம் கி.மு. 1650க்கும் கி.மு. 1250க்கும் இடைப்பட்டது. அங்கே நெல்லும் தினையினத் தானியங்களும் விளைந்தன. சிந்திய மணிகளைத் தேடிக் காட்டுக்கோழிகள் மரத்தினின்று இறங்கி வந்தன, வந்தவை நின்றுவிட்டன. மனிதன் கோழியைப் பிடித்தான் என்பதைவிட, அவன் களமும் குப்பைமேடும் அதனை அழைத்தன என்பதே பொருந்தும். பட்டினப்பாலையில் உலரும் தானியத்தைக் கவர வந்த கோழியைக் காவிரிப்பூம்பட்டினத்துப் பெண்கள் காதிற் குழையைக் கழற்றி எறிந்து ஓட்டுகின்றார்கள். புலவர் அங்கே நகரின் செல்வப் பெருக்கைக் காட்ட விரும்பினார். ஆனால் கோழியின் குணம் சிறிதும் மாறவில்லை என்பதையும் அவர் அறியாமலே காட்டிவிட்டார்.

இனி எருவுக்கு வருவோம். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த கொலுமெல்லா என்பார் உரோமரின் வேளாண்மை பற்றி விரிவான நூலொன்று இயற்றினார். இவர் இசுப்பெயின் நாட்டுக் காதிசு நகரில் பிறந்தவர். பறவை, மனிதர், கால்நடை என எருவை மூவகையாக்கி, பறவை எருவுக்கு முதலிடம் தந்தார். அதனுள்ளும் புறாவின் எச்சத்தை முதலாவதாகவும், கோழியின் எச்சத்தை அடுத்ததாகவும் வைத்தார். வாத்து முதலிய நீந்தும் பறவைகளின் எச்சத்தையோ தீதென்று ஒதுக்கினார். கோழிகள் புரண்டு குளிப்பதற்குக் கூரையின் கீழ் உலர்ந்த புழுதியும் சாம்பலும் குவித்து வைக்க வேண்டும் என்றும் எழுதினார். எங்கள் பக்கத்துப் பாட்டிமார் இந்நூலைப் படித்தவரல்லர். ஆயினும் பஞ்சாரத்தின் அருகே அடுப்புச் சாம்பலைக் கொட்டி வைக்கத் தவறியதில்லை.

கோழியெச்சத்துக்கு இத்துணை ஆற்றல் எங்கிருந்து வந்தது? பறவைகளுக்குச் சிறுநீர் தனியே பிரிவதில்லை. உடலில் மிஞ்சிய நைட்ரசன் யூரிக அமிலமாகி, எச்சத்தின் மேல் வெண்மையான பூச்சாகப் படிந்து அதனோடு வெளியேறுகிறது. மாட்டிடம் சாணமும் நீரும் வேறு வேறாகச் செல்வதால், நீரில் உள்ள நைட்ரசன் பெரும்பாலும் மண்ணில் வீணாகிறது. கோழியிடம் இரண்டும் ஒன்றாகவே கிடைக்கின்றன. ஆற்றல் மிகுந்த அதுவே பகையும் ஆகும். யூரிக அமிலம் நுண்ணுயிர்களால் சிதைந்து அம்மோனியா ஆகிறது. பச்சை எச்சத்தை நேரே செடியடியில் இட்டால் வேர் கருகும். அம்மோனியா காற்றில் கலந்து, நாற்றத்தோடு நைட்ரசனும் போய்விடும்.

இதற்கு மாற்று சருகிலும் வைக்கோலிலும் இருக்கிறது. மக்குவிக்கும் நுண்ணுயிர்களுக்கு நைட்ரசன் ஒரு பங்கு என்றால், கார்பன் 25 முதல் 30 பங்குவரை வேண்டும். கோழியெச்சத்தில் கார்பன் குறைவு. உலர்ந்த இலையிலும் வைக்கோலிலும் மிகுதி. இரண்டையும் கலந்து ஈரம் காத்துக் குவித்தால் குவியலின் உள்ளே வெப்பம் 55 பாகை செல்சியசுக்கு மேலும் எழும். அவ்வெப்பம் சில நாள் நீடித்தால் நோய்க்கிருமிகள் பெரிதும் மடியும். குவியலைப் புரட்டிக் காற்றோட்டம் தரவேண்டும். புறத்தே கிடந்தது அகத்தே செல்லவும் வேண்டும். மண்வெட்டி செய்யும் அவ்வேலையில் ஒரு பகுதியைக் கோழி தன் காலாலேயே செய்துவிடுகிறது. புழுவைத் தேடிக் கிளறுகிறதேயன்றி, நமக்கு உதவுவதாக அது நினைப்பதில்லை.

இவ்வழக்கத்தை அறிவியல் முறையாக வகுத்த இடம் நம் நாட்டு இந்தூர் என்பதை மாணவர் பலர் அறியார். ஆல்பர்ட் ஓவர்டு என்னும் ஆங்கிலத் தாவர அறிஞர் 1905இல் பூசா ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தார். 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றினார். நம் உழவரையும் பூச்சிகளையுமே தம் ஆசிரியராகக் கொண்டதாக அவர் சொல்லுவதுண்டு. செடிகொடிக் கழிவு, சாணம், கோமூத்திரம் ஊறிய மண், மரச்சாம்பல் ஆகியவற்றை அடுக்கி, குறித்த நாட்களில் புரட்டி, ஏறத்தாழ மூன்று மாதத்தில் எருவாக்கும் முறையை யசுவந்த் வாட் என்பாரோடு சேர்ந்து 1931இல் நூலாக வெளியிட்டார். இந்தூர் முறை என அது பெயர்பெற்றது. அங்கே பயன்பட்டது மாட்டுச் சாணமே. ஆனால் அதன் தத்துவம், கோழி வளர்ப்போர் தோட்டத்துக்கும் அப்படியே பொருந்தும்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்கு இவ்வறிவு தேவைப்பட்டது. கப்பல் வழி தடைப்பட்டு, உணவு அருகியது. வீட்டுத் தோட்டங்களையும் புல்வெளிகளையும் கொத்திக் காய்கறி பயிரிடுமாறு அரசு 1939இலேயே இயக்கம் தொடங்கிற்று. கழிவை எருவாக்கும் முறை குறித்தும் துண்டு வெளியீடுகள் வழங்கிற்று. 1941 முதல் முட்டை பங்கீட்டில் வந்தது. ஒருவருக்கு வாரம் ஒன்று என்பது அளவு, அதுவும் நிச்சயமன்று. தம் முட்டைப் பங்கைத் துறந்தவர்களுக்கு அதற்கு ஈடாகக் கோழித்தீவனம் தரப்பட்டது. காய்த்தோலையும் மிஞ்சிய உணவையும் வேகவைத்து அத்தீவனத்தில் பிசைந்து கோழிக்கு இட்டனர். முட்டை மேசைக்குச் சென்றது. எச்சம் எருக்குவியலுக்குச் சென்றது. அதில் விளைந்த கோசுக்கீரையின் தோல் மீண்டும் கோழிக்கு வந்தது. 1953இல் முட்டைப் பங்கீடு நீங்கியது. கொல்லைக் கோழியும் மெல்ல நீங்கியது.

அது நீங்கியதற்குக் காரணம் அமைதி மட்டுமன்று. செருமனியின் ஓப்பாவு நகரில் 1913இல் காற்றிலுள்ள நைட்ரசனிலிருந்து அம்மோனியா செய்யும் ஆலை இயங்கத் தொடங்கியிருந்தது. மூட்டையில் உரம் கிடைத்தபின் எச்சத்தைச் சுமப்பார் யார்? அமெரிக்காவிலோ வேறொரு மாறுதல் நிகழ்ந்தது. 1923இல் டெலவேர் மாநிலத்தில் சிசிலி இசுடீல் என்னும் உழவர் வீட்டுப் பெண்மணி 50 குஞ்சுகள் கேட்டிருந்தார். தவறுதலாக 500 வந்தன. அவர் திருப்பி அனுப்பாமல் வளர்த்து இறைச்சிக்கு விற்றார். நல்ல இலாபம் கிடைத்தது. மூன்றே ஆண்டுகளில் 10,000 கோழிகளுக்குக் கொட்டகை கட்டினார். அண்டை அயலார் அவரைப் பின்பற்றினர். அத்தீபகற்பம் முழுதும் கோழிப் பண்ணை ஆயிற்று.

பத்துக் கோழிகளின் எச்சத்தை ஒரு தோட்டம் விரும்பி ஏற்கும். இலட்சக் கணக்கான கோழிகளின் எச்சத்தை ஒரு வட்டாரம் ஏற்குமா? பண்ணைக் கழிவை அருகிலிருந்த வயல்களிலேயே ஆண்டுதோறும் கொட்டினர். பயிருக்கு வேண்டிய நைட்ரசன் அளவைக் கொண்டு கணக்கிட்டதால், வேண்டாத பாசுபரசு மண்ணில் மிகுந்தது. மழையில் வழிந்து செசபீக்கு விரிகுடாவைச் சேர்ந்தது. பாசி பெருகி நீரில் உயிர்வளி குன்றியது. 1997இல் அவ்விரிகுடாவில் கலக்கும் ஆறுகள் சிலவற்றில் மீன்கள் புண்பட்டு மடிந்தன. அதற்கு ஒரு நுண்ணுயிரே காரணம் என்று சிலர் கூறினர். அறிஞரிடையே வாதம் எழுந்தது. மக்களோ அச்சம் கொண்டனர். தீபகற்பத்தில் பங்குடைய மேரிலாந்து மாநிலம் 1998இல் சட்டமொன்று இயற்றி, வயலுக்கு எவ்வளவு எரு இடலாம் என்பதற்கு உழவர் எழுத்து வடிவில் திட்டம் வைத்திருக்க வேண்டும் எனப் பணித்தது.

இக்கணக்கும் புதிதன்று. சமவெளி நிலத்துக்கு இத்தனை வண்டி, சரிவு நிலத்துக்கு அதனினும் கூடுதலாக இத்தனை வண்டி எரு என்று கொலுமெல்லா தம் நூலிலேயே அளவு வகுத்திருந்தார்.